பதினொரு குஞ்சும் பெரிய வெள்ளியும்

மார்ச் 2, திங்கள்

ஸ்தோத்திரம். இன்று காலை ஆறே முக்கால் மணிக்கு என் வீட்டுக்காரர் "சரி" என்று சொல்லிவிட்டார். நேரத்தையும் குறித்து வைக்கிறேன், பிறகு இல்லை என்று சொல்லக்கூடாது.

நான்கு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மகள் பிரிஸ்கா நர்சிங் படிக்கப் போன பிறகு வீட்டில் சத்தமே இல்லை. புறவாசலில் பத்துக் கோழி மேய்ந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! கேட்கும்போதெல்லாம் அவர் சொல்வது ஒன்றுதான். "கோழி நம்ம வீட்டுக்கு ஆவாது ஞானப்பூ." இன்று என்ன நினைத்தாரோ, உப்பளத்துக்குக் கிளம்பும்போது சைக்கிளைப் பிடித்தபடி சொன்னார்.

"வாங்கிக்கோ. ஆனா நான் அங்கிட்டு வரமாட்டேன். தீவனமோ தண்ணியோ, என் கையால ஒன்னும் வைக்கச் சொல்லாத. என் கை ஆவாத கை."

நான்கு வருடத்துக்கு முன் எட்டுக் குஞ்சு வளர்த்தோம். ஒரு பெரிய வெள்ளிக்கிழமை நான் கோவிலில் மூன்று மணி நேர மும்மணி ஆராதனைக்குப் போய்விட்டு வருவதற்குள் எட்டும் செத்துக் கிடந்தன. அன்று காலையில் அவர் கூண்டைச் சுற்றி எறும்புப் பொடி போட்டிருந்தார். அதுதான் காரணம் என்று அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பேச்சு. அதன் பிறகு அந்தப் பொடியை அவர் வீட்டுக்குள் விட்டதில்லை. சீனி டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வைக்கிறேன், எறும்பு நீந்தி வருகிறது.

அது போகட்டும். பத்துக் குஞ்சு வாங்கப் போகிறேன்!

மார்ச் 4, புதன்

கூண்டைக் கழுவினேன். உப்பளத்துப் பழைய இரும்பில் அவரே அடித்த கூண்டு, மேலே தகரம். சுண்ணாம்பு அடித்துக் காயவைத்தேன்.

வேப்பமரத்து நிழல் கூண்டின்மேல் எப்படி நகர்கிறது என்று அரை மணிக்கு ஒரு தடவை தரையில் சாக்பீஸால் கோடு போட்டுப் பார்த்தேன். பதினொன்றரை: முழு நிழல். பன்னிரண்டு: முழு நிழல். பன்னிரண்டரை: பாதி. ஒரு மணி: ஒன்றும் இல்லை. மூன்று மணி வரைக்கும் இல்லை.

சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

மார்ச் 5, வியாழன்

உமி ஒரு சாக்கு. அறுபது வாட் பல்பு. அட்டை வளையம். குருணை. கருப்பட்டி வீட்டில் இருக்கிறது. நாளை மறுநாள்! நாளை மறுநாள்!

மார்ச் 7, சனி

கை இன்னும் குஞ்சு வாசம் அடிக்கிறது. கழுவ மனமில்லாமல் எழுதுகிறேன்.

பெண்கள் ஐக்கிய சங்கத்துச் செயலாளர் ரோஸ்லெட் அக்காளும் நானும் ஏழரை பஸ்ஸில் ஏரலுக்குப் போனோம். அங்கே இசக்கியம்மாள் என்கிற பெண் வீட்டிலேயே பொரிக்கிற பெட்டி வைத்து நாட்டுக்குஞ்சு விற்கிறாள். போகும்போதே ரோஸ்லெட் அக்கா ஆரம்பித்துவிட்டாள்.

"எட்டி, லெந்து நோம்பு காலத்துல மனுசர் கோழி திங்குறத விடுவாவ. நீ வாங்கப் போற."

"திங்கவா வாங்குதேன்? வளக்கத்தானக்கா."

"இன்னைக்கு வளப்ப. கிறிஸ்மஸுக்கு?"

"அப்ப பாத்துக்கிடலாம்."

கதவைத் திறந்ததும் அந்தச் சத்தம். ஐயோ! நூற்றைம்பது குஞ்சு இருக்கும். மஞ்சள், கறுப்பு, முதுகில் அணில் வரி போட்டது, கழுத்தில் ரோமமே இல்லாதது. எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ளத் தோன்றியது. இருந்தாலும் நான் படித்து வைத்திருந்ததை விடவில்லை. பழைய வாரப் பத்திரிகைகளில் வந்ததையெல்லாம் வெட்டி ஒட்டி ஒரு நோட்டே வைத்திருக்கிறேன். உடம்பு பெருத்த பெருவிடை வேண்டாம், தீனி கட்டாது. சிறுவிடைதான் எங்கள் புறவாசலுக்கு.

ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தேன். கண் மினுங்குகிறதா. தொப்புள் காய்ந்து மூடியிருக்கிறதா. பின்புறம் ஒட்டாமல் சுத்தமாக இருக்கிறதா. பிறகு உள்ளங்கையில் மல்லாக்கப் போட்டுப் பார்த்தேன். உடனே புரண்டு எழுந்தால் சேர்த்துக்கொள்வது, யோசித்தால் திருப்பி விடுவது.

இசக்கியம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள். "எக்கா, நீங்க குஞ்சு வாங்க வந்தியளா, மாப்பிள்ள பாக்க வந்தியளா?"

"இவ மாப்பிள்ளைய இப்படிப் பாத்திருந்தா கல்யாணமே நடந்திருக்காது" என்றாள் ரோஸ்லெட் அக்கா.

எனக்கு முட்டைதான் முக்கியம், அதனால் பெட்டையாகப் பொறுக்கவேண்டும். சிறகைச் சின்னதாக விரித்து, இறகு இரண்டு வரிசையாக ஏற்ற இறக்கமாக வந்திருந்தால் பெட்டை என்று எடுத்தேன். இசக்கியம்மாள் சிரித்தாள்.

"அது கம்பெனிக் குஞ்சுக்கு உள்ள கணக்கு. நாட்டுக்குஞ்சு அதுக்கெல்லாம் கட்டுப்படாது. ஒரு மாசம் கழிச்சு அதுவே சொல்லும், பொறுங்க."

நான் என் கணக்கை விடவில்லை. ஒரு மணி நேரத்தில் பத்துப் பொறுக்கினேன். எட்டு நிச்சயம் பெட்டை. பதினொன்றாவதை அவளே கொசுறாகப் போட்டாள். கறுப்பு, மற்றதில் பாதி உடம்பு. மல்லாக்கப் போட்டால் எழுந்திருக்க மூன்று எண்ண வேண்டியிருந்தது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன், அது என் மோதிரத்தைக் கொத்தியது. வாங்கிக்கொண்டேன்.

கிளம்பும்போது அவள் கேட்டாள். "முன்ன வளத்திருக்கியளா?"

"எட்டு வளத்தா. இவ வீட்டுக்காரர் எறும்புப் பொடி போட்டுக் கொன்னுட்டாரு" என்று ரோஸ்லெட் அக்கா முந்திக்கொண்டாள்.

"எறும்புப் பொடிக்கு எட்டும் ஒரே நாள்லயா? என்ன மாசம்? வெயிலா?"

நான் அட்டைப்பெட்டியில் ஓட்டை போதுமா என்று பார்க்கக் குனிந்துகொண்டேன்.

பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பெட்டி சூடாக, உயிரோடு இருந்தது. வீட்டுக்கு வந்ததும் ஜெபம் பண்ணி, ஒவ்வொன்றின் மூக்கையும் கருப்பட்டித் தண்ணீரில் ஒரு தடவை தொட்டுவிட்டு அடுக்களையில் அட்டை வளையத்துக்குள் விட்டேன்.

எண்ணிக்கை: 11.

மார்ச் 8, ஞாயிறு

பல்புக்கு அடியில் மொத்தமாகக் குவிந்தால் குளிர், விலகி ஓடினால் சூடு. இவை பூ விரிந்ததுபோல வட்டமாகப் படுத்திருக்கின்றன. பார்த்துக்கொண்டே நின்றதில் கோவிலில் முதல் மணி அடித்தது கேட்கவில்லை. ஆண்டவர் மன்னிக்கட்டும்.

எண்ணிக்கை: 11.

மார்ச் 10, செவ்வாய்

அவர் வேலை முடிந்து வந்து அடுக்களை வாசலில் நின்றபடி கேட்கிறார்.

"எத்தன இருக்கு?"

"பதினொன்னு."

"ம்."

அவ்வளவுதான். மூன்று நாளாக இதே பேச்சு. உள்ளே ஒரு எட்டு வைக்கவில்லை. நல்லதுதான், குஞ்சுகளுக்குத் தொந்தரவு இல்லை.

எண்ணிக்கை: 11.

மார்ச் 14, சனி

கால்நடை மருந்தகத்தில் வெள்ளைக்கழிச்சல் நோய் வராமலிருக்கக் கண்ணில் சொட்டு மருந்து. பஸ்ஸில் போகிறேன் என்றேன். "குலுங்கும்" என்று சொல்லி அவரே ஒரு பைக்கை இரவல் வாங்கி வந்தார். வேகத்தடை ஒவ்வொன்றிலும் இரண்டு காலையும் ஊன்றி வண்டியை இறக்கினார். பின்னால் வந்த லாரிக்காரன் திட்டினான். "திட்டுனா திட்டிட்டுப் போறான்" என்றார். பெட்டியை மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. மருந்தகத்தில் தள்ளி நின்று சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸை முக்கால் மணி நேரம் படித்தார். ஆட்டுக்குச் சினை ஊசி போடுவது பற்றியது. எங்களிடம் ஆடு இல்லை.

கறுப்புக் குஞ்சு சொட்டு மருந்து விழுந்ததும் தும்மியது. குஞ்சு தும்மும் என்று எந்தப் பத்திரிகையிலும் படித்ததில்லை!

எண்ணிக்கை: 11.

மார்ச் 20, வெள்ளி

எப்படி எழுதுவது என்றே தெரியவில்லை. பெரிய வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணிவரை, சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளைப் பற்றி ஏழு பேர் தியானம் சொல்வார்கள் அல்லவா, அதில் ஐந்தாம் வார்த்தையை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். எட்டாம் வகுப்பு படித்த என்னிடம்! இருபத்திரண்டு வருடமாகப் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டவள், இந்த வருடம் மைக் முன்னால்.

ரோஸ்லெட் அக்கா சொன்னாள். "டீச்சர்மார்தான் எப்பவும் பேசுதாவ. வீட்டுல இருக்குற பொம்பள பேசட்டும்னு நான்தான் குருவானவர் ஐயாகிட்ட சொன்னேன். ஏழு நிமிசம். சொதப்பிராத."

ஐந்தாம் வார்த்தை தாகத்தைப் பற்றியது.

எண்ணிக்கை: 11.

மார்ச் 24, செவ்வாய்

பதினெட்டாம் நாள். சிறகு முளைத்து எல்லாம் குட்டிக் கழுகுபோல இருக்கின்றன. காலையிலும் மாலையிலும் வெளிக்கூண்டில் விடுகிறேன். பத்தரைக்கு மேல் எக்காரணம் கொண்டும் வெளியே விடுவதில்லை.

இன்று எறும்பு சாரைசாரையாகத் தீவனத்தட்டுக்கு வந்துவிட்டது. அவர் அடுக்களை வாசலில் நின்றுகொண்டு கத்துகிறார்.

"மஞ்சப்பொடி போடு! ஏளா, மஞ்சப்பொடி!"

"டப்பா ஒங்க பக்கத்துலதான இருக்கு, எடுத்துத் தாங்களேன்."

இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பின்வாங்கினார். மஞ்சள்பொடிக்கு! நானே போய் எடுத்தேன்.

நான் சிரித்திருக்கவேண்டும். ஏனோ வரவில்லை.

எண்ணிக்கை: 11.

மார்ச் 29, குருத்தோலை ஞாயிறு

பவனியில் கொண்டுபோன குருத்தோலையைக் கொண்டுவந்து கூண்டில் செருகினேன். பதினொன்றும் சேர்ந்து அரை மணியில் ஈர்க்கு மட்டும் மிச்சம் வைத்தன. கறுப்பு இப்போது மற்றதற்குச் சமமாக நிற்கிறது.

எண்ணிக்கை: 11.

மார்ச் 31, செவ்வாய்

தியானம் எழுத உட்கார்ந்தேன். நான்கு வரிக்கு மேல் போகவில்லை. தாகத்தோடு இருக்கிறவர்களை நாம் கவனிக்கிறோமா என்று எழுதினேன். அடித்தேன். திரும்ப எழுதினேன். அடித்தேன்.

குஞ்சுகள் நலம். எண்ணிக்கை: 11.

ஏப்ரல் 1, புதன்

எழுதிவிட்டுக் கிழித்துவிடலாம் என்று நினைத்துத்தான் இந்தப் பக்கத்தை எடுத்தேன். கிழிக்கப்போவதில்லை.

எறும்புப் பொடி இல்லை. நான்.

அன்று பருந்து வட்டமிட்டது. பன்னிரண்டு மணி ஆராதனைக்கு நேரமாகிவிட்டது. எட்டுக் குஞ்சையும் கூண்டில் விட்டு, நான்கு பக்கமும் சாக்கைத் தொங்கவிட்டுக் கயிற்றால் இறுகக் கட்டிவிட்டுப் போனேன். போகும்போது நிழல் இருந்தது. மூன்றேகாலுக்கு வந்தபோது தகரம் கொதித்தது. சாக்கைத் தொட்டால் சுட்டது. தண்ணீர்ச் சட்டி கவிழ்ந்து கிடந்தது. எட்டும் வாயைத் திறந்தபடி ஒரே மூலையில்.

அவர் போட்ட பொடி போட்ட இடத்தில் கோடுபோலக் கிடந்தது. ஒரு குஞ்சுகூட அதைத் தொடவில்லை. நான் அதைப் பார்த்தேன். அப்போது அவர் வந்து, "ஐயோ, நான்தான் கொன்னுட்டேன்" என்று தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் "இல்லை" என்று சொல்லவில்லை. பிரிஸ்கா அழுதாள், அப்போதும் சொல்லவில்லை. தெருவே சொன்னது, நானும் தலையாட்டினேன்.

இந்த மனுஷரிடம் சொல்லாமல் அந்த மைக் முன்னால் எப்படி நிற்பேன்?

சொன்னால், குஞ்சுகளைத் திருப்பிக் கொடு என்பாரோ.

ஏப்ரல் 2, வியாழன்

சாயங்காலம் காப்பி கொடுத்துவிட்டுச் சொன்னேன்.

"அந்த எட்டுக் குஞ்சும் ஒங்க பொடியால சாவல."

"பொறவு?"

"நான் சாக்கப் போட்டு அடச்சுக் கட்டிட்டுப் போனேன். ஒரு மணிக்கு மேல அங்கன நெழலு கெடையாது. வெயில்ல வெந்துருச்சுவ."

அவர் உப்பளத்தில் எடை போடுகிறவர். எதையும் சரிபார்க்காமல் விடமாட்டார். "பொடி எங்கன கெடந்துச்சு?" என்றார்.

"நீங்க போட்ட எடத்துலயே. கலையல."

"அப்ப அன்னைக்கே ஒனக்குத் தெரியும்."

"தெரியும். நான் வாயத் தெறக்குறதுக்குள்ள நீங்க சொல்லிட்டிய, நான்தான்னு."

"நாலு வருசம் வாயத் தெறக்க நேரம் இல்லியோ?"

நான் காப்பிப் பாத்திரத்தை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"பிரிஸ்கா ஒரு மாசம் நான் எடுத்து வச்ச சோத்தத் திங்கல. அது தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்."

காப்பி டம்ளரை அவரே கழுவிக் கவிழ்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் டம்ளர் கழுவி நான் பார்த்ததில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனவர், ஒன்பது மணிக்கு வந்து சாப்பிடாமல் படுத்தார். "எத்தன இருக்கு?" என்று கேட்கவில்லை.

பதினொன்று.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

அவர் விடிவதற்கு முன்பே ஒன்றும் சொல்லாமல் வேலைக்குப் போய்விட்டார்.

இந்தத் தடவை கூண்டே வேண்டாம் என்று குஞ்சுகளை அடுக்களையில் அட்டை வளையத்துக்குள் விட்டேன். இரண்டு தண்ணீர்ச் சட்டி, கவிழாமல் கல் வைத்து. மேசை விசிறியைப் போட்டேன். பூனைக்குப் பயந்து சன்னல் இரண்டையும் சாத்தினேன். கதவைப் பூட்டினேன். எல்லாம் சரியாகச் செய்தேன் என்ற திருப்தியோடு வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு போனேன். முன்வரிசையில் எனக்கு நாற்காலி.

பன்னிரண்டு நாற்பதுக்கு, இரண்டாம் வார்த்தையின் நடுவில், கோவிலில் விசிறிகள் நின்றன. கரண்டு போய்விட்டது. பேட்டரியில் மைக் மட்டும் ஓடியது. எல்லாரும் பாட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டார்கள். வீட்டில் மேசை விசிறியும் நின்றிருக்கும். எங்கள் அடுக்களைக்கு மேல் ஆஸ்பெஸ்டாஸ்.

உடனே எழுந்து ஓடியிருக்கவேண்டும். எழவில்லை. முன்வரிசை, எல்லாரும் பார்ப்பார்கள், ஐந்தாம் வார்த்தைக்கு ஆள் இல்லாமல் போய்விடும். ஒரு மணி நேரமும் பத்து நிமிடமும் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இதை இங்கே மறைக்கவில்லை.

என் முறை வந்தது. எழுதிக்கொண்டு போனதைப் பிரிக்கவில்லை. என் வீட்டில் எட்டு உயிர் தாகத்தால் செத்தது, கட்டிப்போட்டது நான், பழியைச் சுமந்தது வேறொருவர், இப்போதும் பதினொன்று அடைபட்டிருக்கிறது, நான் போகவேண்டும் என்று சொன்னேன். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. மைக்கை விட்டு இறங்கி நேராக நடுவழியாக வெளியே நடந்தேன். செருப்பைத் தேடவில்லை. தார் ரோடு காலைச் சுட்டது.

வீட்டு வாசலிலேயே சைக்கிள் நின்றது. அடுக்களைக் கதவு விரியத் திறந்திருந்தது, சன்னல்களும். வளையத்துக்குள் ஒரு குஞ்சும் இல்லை. இரண்டு சட்டியிலும் தண்ணீர் அப்படியே இருந்தது, தொட்டுப் பார்த்தேன், சுட்டது.

"இங்கன இருக்கு" என்று புறவாசலிலிருந்து குரல் கேட்டது.

வேப்பமரத்தடியில் பனியனோடு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். ஈரச் சாக்கை மரத்துக்கும் சுவருக்கும் இடையில் திரைபோலக் கட்டியிருந்தார். அதற்குள் அண்டா மூடியில் தண்ணீர், சுற்றிலும் குஞ்சுகள். கறுப்பு மட்டும் அவர் உள்ளங்கையில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. விரலைத் தண்ணீரில் நனைத்து நனைத்து அதன் மூக்கில் வைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கையால்.

நான் எண்ண ஆரம்பித்தேன்.

"எண்ணாத. பதினொன்னு. நான் மூணு தடவ எண்ணிட்டேன்."

"வேலைக்குப் போவலியா?"

"போனேன். வெயில் ஏற ஏற இருப்புக் கொள்ளல. நீ சொன்னதே காதுல கேட்டுது. அரநாள் லீவு சொல்லிட்டு வந்தேன். வந்து பாத்தா உள்ள ஒரே கத்து. கரண்டு இல்ல, சன்னல் எல்லாம் சாத்திக் கெடக்கு. ஏளா, ஒனக்கு எதையும் அடைக்காம வளக்கத் தெரியாதா?"

"பூனை வருமேன்னு…"

"பூனை!"

நான் அழுதேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"கோவம் தீந்துட்டுன்னு நெனைக்காத. அது கெடக்கு. இதுவ என்ன செஞ்சுச்சு எனக்கு?" கறுப்புக் குஞ்சு தலையை உதறியது. அதைத் தரையில் விட்டார், நின்றது. "ஆராதன முடிஞ்சுட்டா?"

"இல்ல. ரெண்டு வார்த்த இருக்கு."

"அப்ப இங்க என்ன நிக்க? போ, போய் முடிச்சுட்டு வா. நான் இருக்கேன்லா."

போனேன். ஏழாம் வார்த்தைக்குப் பின்வரிசையில் இடம் கிடைத்தது.

எண்ணிக்கை: 11.

ஏப்ரல் 4, சனி

என்னோடு பேசவில்லை. குஞ்சுகளோடு பேசுகிறார். "அம்மாகிட்ட சொல்லு, தீவனத்தட்டு கழுவலன்னு." கழுவினேன். பிறகு பிரிஸ்காவுக்கு நானே போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். "போன அப்பாகிட்ட குடும்மா" என்றாள். அவர் போனை வாங்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார். அரை மணி நேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டேன்.

ரோஸ்லெட் அக்கா மத்தியானம் வந்து திட்டிவிட்டுப் போனாள். ஏழு நிமிடம் கொடுத்தால் இரண்டு நிமிடத்தில் ஓடுவதா என்று. ஆனால் அழுதுவிட்டாளாம். அவள் எல்லாவற்றுக்கும் அழுவாள்.

எண்ணிக்கை: 11.

ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு

அல்லேலூயா. அதிகாலை ஆராதனை முடிந்து வந்து இடியாப்பம் பிழிந்துகொண்டிருந்தேன். அவர் புறவாசலிலிருந்து வந்து அடுக்களைக்குள்ளேயே நின்றார். இரண்டு கையிலும் இரண்டு குஞ்சு, இரண்டுக்கும் கொண்டை சிவக்கத் தொடங்கியிருந்தது.

"நீ பெட்ட பெட்டன்னு பொறுக்கிட்டு வந்தியே. ஆறு சேவ."

"இருக்காது. நான் சிறகு பாத்து எடுத்தேன்."

"ஆறு. எண்ணிட்டேன். அடுத்த தடவ வாங்கப் போவும்போது நானும் வாரேன்."

எட்டுப் பெட்டை என்பதில் எனக்கு இன்னும் சந்தேகமே இல்லை. ஆனாலும் இன்று "சரி" என்று மட்டும் சொன்னேன். நாளைக்குச் சண்டை போட்டுக்கொள்ளலாம்.